கண்ணாடி வீட்டில் கூட்டுக் குடித்தனம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பேரனின் பிறந்த நாளுக்கு மூன்றடி மீன் தொட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பரிசு கொடுத்தவனே அதற்குக் காவல்காரனாகவும் ஆகிவிட்டேன். அந்த வேலையில் பட்டுத் தெரிந்துகொண்டதை, நம் தீவுகளில் வண்ண மீன் வளர்க்க ஆசைப்படும் சங்க அன்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

நாங்கள் இருப்பது ஹேவ்லாக்கில். 2018-இன் கடைசி முதல் அரசு ஏட்டில் இதன் பெயர் ஸ்வராஜ் தீவு. வாயில் வருவது இன்னும் பழைய பெயர்தான். சென்னைவாசி என்றால் கொளத்தூருக்கு ஒரு நடை போய் வேண்டிய மீனைப் பொறுக்கிக்கொண்டு வரலாம். எங்களுக்கு மீன் கடை என்றால் கப்பலேறிப் போர்ட் பிளேர் போக வேண்டும்.

அப்படிப் போய் நானும் பேரனும் நிறத்தைப் பார்த்தே மீன் எடுத்தோம். பெரிய ஏஞ்சல் இரண்டு, டைகர் பார்ப் நான்கு, நியான் டெட்ரா பத்து, கோல்டு ஃபிஷ் இரண்டு, கண்ணாடி துடைக்க சக்கர் ஒன்று. கடைக்காரர் கேட்டதையெல்லாம் பிடித்துக் கொடுத்தார். இதனோடு இது சேராது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பேரன், "தாத்தா, நியான் எட்டுதான் இருக்கு" என்றான். மறுநாள் ஐந்து. செத்த மீன் ஒன்றையும் காணோம். இரவில் விளக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் ஏஞ்சலின் வாயில் ஒரு நீலக் கோடு தெரிந்தது. அந்த ஏஞ்சலின் நீண்ட துடுப்புகளையோ டைகர் பார்புகள் கடித்துக் கடித்துக் கந்தலாக்கியிருந்தன. கோல்டு ஃபிஷ் இரண்டும் தின்பதும் கழிப்பதுமாக நீரைக் கலக்கிவிட்டு மூன்றாம் வாரம் போய்ச் சேர்ந்தன. பேரன் அன்று சாப்பிடவில்லை. இந்தப் பாலத்தின் மேல் இந்த எஞ்சின் போகலாமா என்று ரயில்வேயில் ஆயுள் முழுதும் கணக்குப் பார்த்தவன், மீன் விஷயத்தில் கணக்கே பார்க்கவில்லையே என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஏஞ்சலையும் டைகர் பார்பையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் தண்ணீர்

மீனைத் தேர்ந்தெடுக்கும் முன் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். எங்கள் கிணற்று நீர் கடின நீர். கெட்டிலின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படியும். சோதனைத் தாளில் பி.ஹெச். 7.8 காட்டியது. நியான் டெட்ரா அமேசான் காட்டு ஓடைகளின் மீன். அதற்கு மென்மையான, சற்றே அமிலத் தன்மையுள்ள நீர்தான் சுகம். பிளாட்டி, மாலி, கப்பி போன்ற குட்டி போடும் மீன்களுக்கோ கடின நீரே ஏற்றது. இங்கே மழைக்குப் பஞ்சமில்லையே, மழை நீரை விடலாமே என்று தோன்றும். வெறும் மழை நீரில் தாது உப்பு இல்லாததால் பி.ஹெச். நிலையாக நிற்காது. கிணற்று நீரோடு கலந்து விட்டால் கேடில்லை. ஆனாலும் இருக்கிற நீருக்கு ஏற்ற மீனைத் தேடுவதே எளிது.

பிறகு அளவு

தொட்டி 36 அங்குல நீளம், 15 அகலம், 18 உயரம். கணக்குப்படி 159 லிட்டர். கூழாங்கல்லும் மேல் இடைவெளியும் போக 135 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். சிறு மீன்களுக்கு ஓர் அங்குல நீளத்துக்கு 4 லிட்டர் என்பது பழைய விதி. அதன்படி நம் தொட்டி தாங்குவது ஏறத்தாழ 34 அங்குல மீன். வாங்கும்போதுள்ள நீளத்தைப் போடக் கூடாது. வளர்ந்த பிறகு வரும் நீளத்தைப் போட வேண்டும்.

பெரிய மீனுக்கு இந்த விதி பொருந்தாது. நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். ஓர் அடி வளரும் ஆஸ்கர் ஒன்று, ஓர் அங்குல மீன்கள் பன்னிரண்டுக்குச் சமமல்ல, ஆயிரத்துக்கும் மேல்!

நம் ஊர் வெப்பத்தையும் மறக்கக் கூடாது. 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். மின்சாரம் போய் ஏர் மோட்டார் நின்றுவிட்டால், நெருக்கமாக இருக்கும் தொட்டியில்தான் முதலில் மூச்சு முட்டும். எனவே 34 என்பது உச்ச வரம்பு. அதை எட்டிப் பிடிக்க வேண்டிய அவசியமில்லை. பேட்டரியில் ஓடும் சிறு மோட்டார் ஒன்றும் கைவசம் இருக்கட்டும்.

கடைசியில் குணம்

வாயில் நுழையும் அளவுள்ள எதையும் மீன் தின்றுவிடும். ஏஞ்சல் சாதுவான மீன்தான். ஆனால் நியான் அதன் வாய்க்குள் அடங்கும். துடுப்பு கடிக்கும் டைகர் பார்போடு துடுப்பு நீண்ட மீனை வைக்கக் கூடாது. ஆண் ஃபைட்டர் இரண்டை ஒரே தொட்டியில் விடவே கூடாது. கூட்டமாக வாழும் மீனை ஒன்றிரண்டாக வாங்கினால் அது பயந்து மூலையில் ஒண்டும், அல்லது பிறரைச் சீண்டும். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த நீர் மீன். அதற்குத் தனிக் குடித்தனமே நல்லது.

இன்னொன்று: தொட்டியை மூன்று மாடி வீடாக எண்ணிக்கொள்ளுங்கள். மேல், நடு, அடி என்று ஒவ்வொரு மாடிக்கும் ஆள் வைத்தால் இடச் சண்டை குறையும்.

இப்போது எங்கள் தொட்டியில் இருப்பவர்கள்: மேல் மாடியில் ஜீப்ரா டானியோ ஆறு (9 அங்குலம்). நடுவில் ஆண் பிளாட்டி நான்கு (8), குள்ள கௌராமி ஆண் ஒன்று (3). அடியில் கோரிடோராஸ் ஐந்து (பன்னிரண்டரை). அதில் ஸ்டெர்பாய் என்ற வகை வெப்பத்தைத் தாங்கும். மொத்தம் முப்பத்திரண்டரை. ஜீப்ராவும் கௌராமியும் கங்கைச் சமவெளியின் மீன்கள். வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைந்த ஹேவ்லாக்கில் அவை இருப்பது பொருத்தம்தானே!

பிளாட்டியில் ஆண் மட்டும் ஏன் என்று கேட்கலாம். பெண்ணும் இருந்தால் மாதா மாதம் குட்டிகள். அவற்றை எங்கே கொண்டுபோவது? ஆணைக் கண்டுபிடிப்பது எளிது. வயிற்றின் பின்புறத் துடுப்பு ஆணுக்குக் குச்சி போல் ஒடுங்கியிருக்கும். பெண்ணுக்கு விசிறி போல் விரிந்திருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிடாதீர்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கேடில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டரில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதலில் ஜீப்ரா மட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மற்றவை. வாரம் ஒரு முறை கால் பங்கு நீரை மாற்றினால் போதும்.

மிஞ்சிய ஒருவர்

பழைய கூட்டத்தில் சக்கர் மட்டும் எங்களோடு தங்கிவிட்டது. மூன்று அங்குலமாக வந்தது, ஒன்றரை ஆண்டில் பத்து அங்குலமாகி, திரும்பவே இடமில்லாமல் கிடந்தது. பக்கத்து வீட்டு நண்பர், "ஓடையில விட்டுடுங்க சார், பிழைச்சுக்கும்" என்றார்.

பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் என் பயம். தமிழ்நாட்டு ஏரிகளில் யாரோ இப்படி விட்ட சக்கர்தான் இன்று பெருகி, மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது. அந்தமான் ஓடைகள் சின்னஞ்சிறியவை. அவற்றில் இங்கேயே தோன்றிய உயிர்கள் உண்டு. சன்னா ராயி என்ற விரால் வகை ஒன்றை அந்தமானில் கண்டு, 2018-இல்தான் அறிவியலாளர்கள் பெயரே வைத்தார்கள். பெயர் வைத்த கையோடு அதன் வீட்டுக்குள் நாம் அந்நியனை ஏற்றிவிடலாமா?

மூடி போட்ட வாளியோடு கப்பலேறினேன். பேரனும் வந்தான். "சாப்பிடற மீனா பெரியவரே?" என்று வழியெல்லாம் கேட்டார்கள். பெரிய தொட்டி உள்ள வாடிக்கையாளர் ஒருவருக்குத் தருவதாகச் சொல்லிக் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். அப்போது பேரன் அவரிடம், "இனிமே விக்கும்போது எவ்வளவு பெரிசாகும்னு சொல்லுங்க மாமா" என்றான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

மீன் வாங்கப் போகும் அன்பர்களே, நிறத்தைப் பாருங்கள், தவறில்லை. அதற்கு முன் என்ன தண்ணீர், எவ்வளவு வளரும், யாரோடு சேரும் என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். ஹேவ்லாக் வந்தால் எங்கள் வீட்டுத் தொட்டியைப் பார்க்க வாருங்கள். பேரன் எண்ணிக் காட்டுவான். ஒன்றும் குறையவில்லை.