420-க்கு எதிராக ஒரே ஒரு 'நோ'... போருக்கு அனுமதி மறுத்த பெண் எம்.பி!

2001, செப்டம்பர் 14. நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் சரிந்து மூன்றே நாள். இடிபாடுகளில் புகைகூட அடங்கவில்லை. படைபலத்தைப் பயன்படுத்த அதிபர் ஜார்ஜ் புஷ்ஷுக்கு அனுமதி தரும் தீர்மானம் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்தது. செனட் சபையில் 98 பேர் ஆதரவு, எதிர்ப்பு பூஜ்யம். பிரதிநிதிகள் சபையில் 420 பேர் ஆதரவு. எதிர்த்தவர் ஒரே ஒருவர், கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து தொகுதி எம்.பி பார்பரா லீ.

ராணுவத்தை வெறுப்பவர் அல்ல அவர். அப்பாவே ராணுவ அதிகாரி. அன்று காலைவரை குழப்பத்தில்தான் இருந்தார். இறந்தவர்களுக்கான பிரார்த்தனைக் கூட்டத்தில், 'நாம் வெறுக்கும் தீமையாக நாமே மாறிவிடக் கூடாது' என்று பாதிரியார் வேண்டியதைக் கேட்டதும் மனம் தெளிந்தது. சபையில் குரல் தழுதழுக்க அதையே சொன்னார்.

பலன்? துரோகி என்ற வசை, கொலை மிரட்டல்கள், கூடவே போலீஸ் பாதுகாப்பு. ஆனால், அடுத்த தேர்தலிலும் தொகுதி மக்கள் அவரையே ஜெயிக்க வைத்தார்கள்.

லீயின் பயமெல்லாம் அந்தத் தீர்மானத்தின் வாசகம் பற்றித்தான். அனுமதி தரும் பகுதி வெறும் 60 வார்த்தைகள். எந்த நாட்டின் பெயரும் இல்லை, முடிவு தேதியும் இல்லை. ஆப்கானிஸ்தானுக்குத்தானே என்று பலரும் நினைத்தார்கள். பிறகு ஏமன், சோமாலியா, சிரியா வரை அது நீண்டது. 2001-ல் அந்தப் பெயரிலேயே இல்லாத ஐ.எஸ் அமைப்பைத் தாக்கவும் இதே அனுமதியைத்தான் காட்டினார்கள்.

இத்தனைக்கும் அமெரிக்க அரசியல் சட்டப்படி, போரை அறிவிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குத்தான். கடைசியாக அது முறைப்படி போர் அறிவித்தது 1942-ல்!

அன்று லீ தன் பேச்சில் நினைவுகூர்ந்தவர் செனட்டர் வெய்ன் மோர்ஸ். 1964-ல் டோன்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இரண்டு முறை தாக்கப்பட்டதாகச் சொல்லி, அதிபர் ஜான்சன் வியட்நாமில் படைபலத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்டார். எதிர்த்து ஓட்டுப் போட்ட செனட்டர்கள் இரண்டே பேர். அவர்களில் ஒருவர் மோர்ஸ். இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பது பிற்பாடு தெரியவந்தது.

1971-ல் அந்தத் தீர்மானம் ரத்தானது. போர் நிற்கவில்லை. '1973 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு சண்டைக்குப் பணம் கிடையாது' என்று நாடாளுமன்றம் பெட்டியைப் பூட்டிய பிறகுதான் கம்போடியாவில் அமெரிக்கக் குண்டுவீச்சு ஓய்ந்தது. அனுமதியின்றிப் போரில் இறக்கிய படையை 60 நாளில் விலக்க வேண்டும் என்ற சட்டமும் அதே ஆண்டு, நிக்சனின் வீட்டோவை மீறி வந்தது. அதிபர்கள் அதை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பது தனிக்கதை.

2001 அனுமதியை ரத்து செய்ய லீ விடாமல் போராடினார். 2017-ல் நிதி ஒதுக்கீட்டுக் குழுவில் அவர் கொண்டுவந்த திருத்தம், எதிர்க்கட்சியினரின் ஆதரவோடு கைதட்டலுக்கிடையே நிறைவேறியது. சபைக்கு வருவதற்குள் ஆளுங்கட்சித் தலைமை அதைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டது.

2021-ல் அமெரிக்கப் படை ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறியது. 2025-ல் ஓக்லாந்து மேயரானார் லீ. 2001-ல் அவர் எதிர்த்த அந்த அனுமதிக்கு இன்னும் முடிவு தேதி குறிக்கப்படவில்லை.