பாட்டில்லாத ஒரு கேசட்: புதுச்சேரி ரசிகர்கள், அன்றும் இன்றும்

1986இல் 'ஹவ் டு நேம் இட்' வெளிவந்தபோது இளையராஜா திரைக்கு வந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. 'அன்னக்கிளி'யில் தொடங்கிய அந்தப் பத்தாண்டில் புதுச்சேரியில் அவர் பாட்டு ஒலிக்காத டீக்கடை கிடையாது. விழுப்புரம் பஸ்ஸிலும் கடலூர் பஸ்ஸிலும் டிரைவர் கைக்கு எட்டும் தூரத்தில் அவர் கேசட்டுகள்தான் அடுக்கியிருக்கும். அப்படிப்பட்டவரிடமிருந்து ஒரு பாடகர் குரல்கூட இல்லாத, எந்தப் படத்துக்கும் சேராத கேசட் ஒன்று வந்தது. பத்து இசைத் துண்டுகள். வயலின்களை முன்னே நிறுத்திய அந்த இசையைத் திருவையாற்றுத் தியாகராஜருக்கும் ஜெர்மனியின் பாக்குக்கும் அவர் காணிக்கையாக்கியிருந்தார். "அண்ணே, இதுல பாட்டு எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. திருப்பிக் கொடுக்காதவர்கள் இன்றுவரை அதை விடவில்லை.

பாட்டுக் கடைக் காலம்

எண்பதுகளில் புதுச்சேரியில் பாட்டு கேட்பது கடையில் தொடங்கும். நேரு வீதியையும் காந்தி வீதியையும் சுற்றி 'மியூசிக்கல்ஸ்' என்று பெயர்ப்பலகை மாட்டிய ரெக்கார்டிங் கடைகள் இருந்தன. வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தால், இரண்டு மூன்று நாளில் வெற்றுக் கேசட்டில் பதிந்து தருவார்கள். "90 வேணாம், நாடா மெல்லிசு, சிக்கும். 60 எடுங்க" என்று கடைக்காரர் சொல்வது அனுபவத்தில் வந்த அறிவு. 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு அரை மணி. ஏ சைடில் ஒரு படம், பி சைடில் ஒரு படம். பாட்டின் முதல் வரியை அட்டையில் முத்து முத்தாக எழுதித் தரும் கடைக்காரருக்குத் தனி மவுசு.

'ஹவ் டு நேம் இட்'டுக்கு எழுத முதல் வரி கிடையாது. எல்லாத் துண்டுகளுக்கும் ஆங்கிலத் தலைப்புகள். அதனால் கேட்பவரும் கொடுப்பவரும் 'ராஜா வயலின் கேசட்' என்று முடித்துக்கொண்டார்கள். ஒருவர் வாங்கினால் பத்துப் பேருக்குக் கைமாறும். படியெடுத்த கேசட்டிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று போகப் போக வயலினுக்குப் பின்னால் இரைச்சல் ஏறும். அந்த இரைச்சலோடு சேர்த்தே மனப்பாடம் செய்த காதுகள் இந்த ஊரில் ஏராளம்.

புதுச்சேரிக்கென்று இன்னொரு வழியும் இருந்தது. பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் வாங்கும் சொல்தா வீடுகள். விடுமுறைக்கு பாரிஸிலிருந்து வரும் பிள்ளைகள் நல்ல டேப் ரெக்கார்டரும் பெட்டி நிறைய வெற்றுக் கேசட்டும் கொண்டுவருவார்கள். அந்த வீட்டுத் திண்ணையில் இடம் கிடைத்தவர்களுக்கு இசை தெளிவாகக் கிடைத்தது. கிடைக்காதவர்கள் சுவருக்கு அப்பால் நின்று கேட்டார்கள்.

இரண்டு காதுள்ள ஊர்

இந்த இசை ஏன் இங்கே இவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதற்கு ஊரின் அமைப்பே பாதி விடை. பெரிய வாய்க்காலுக்கு இருபுறமும் கோவிலும் தேவாலயமும் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. மிஷன் வீதியின் சம்பா கோவில் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பாடற்குழு சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரலாகப் பிரிந்து பாடும். மணக்குள விநாயகர் கோவில் பக்கம் போனால் நாதஸ்வரத்தில் ஒரே ராகம், கமகத்தோடு நிதானமாக விரியும். பல குரல்கள் ஒரே நேரத்தில் தத்தம் வழியில் போவது ஒரு மரபு. ஒரே குரல் தன்னுள்ளே ஆழமாகப் போவது இன்னொரு மரபு. படிப்பால் அறியாவிட்டாலும் பழக்கத்தால் இரண்டையும் அறிந்த காதுகள் இங்கே இருந்தன.

இளையராஜா செய்தது அந்த இரண்டையும் ஒரே அறையில் உட்கார வைத்ததுதான். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற துண்டில் பாக் தனி வயலினுக்காக எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முன்னிசை ஓடுகிறது. அதன் மேல் இளையராஜாவின் தந்திக் கருவிகள் புதிதாகப் பேசத் தொடங்குகின்றன. இன்னொரு துண்டின் பெயரிலேயே 'ஃபியூக்' இருக்கிறது. ஒரு குரல் மெட்டைத் தொடங்கும், அடுத்த குரல் அதே மெட்டை வேறொரு சுருதியில் எடுத்துக்கொண்டு பின்தொடரும், மூன்றாவதும் வந்து சேரும், ஒன்று மற்றொன்றை அடக்காது. அதுதான் ஃபியூக். பாக் 1750இல் மறைந்தார், தியாகராஜர் பிறந்தது 1767இல். பதினேழு ஆண்டு இடைவெளியில் தவறிப்போன சந்திப்பு சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்தது. தனி வயலினை வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன்.

இந்தச் சந்திப்புக்கு வயலின் பொருத்தமானது என்பதற்குக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பிய வாத்தியக்காரரிடம் கற்று அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். கடல் கடந்து வந்து நம்முடையதாகிவிட்ட கருவி அது. பிரெஞ்சுக்காரர்கள் 1954இல் ஆட்சியை ஒப்படைத்துப் போன பிறகும் அவர்கள் விட்டுச்சென்றவற்றில் பலவற்றைத் தன்னுடையதாக்கிக்கொண்ட ஊருக்கு, அந்தக் கருவியின் வரலாறு அந்நியமாகப் படவில்லை.

கண்ணீருக்கு வார்த்தை தேவைப்படவில்லை

சினிமாப் பாட்டில் அழுகை எங்கே வரவேண்டும் என்பதைக் காட்சி சொல்லிவிடும். இங்கே எதுவும் சொல்லவில்லை. அப்பாவை இழந்தவர் அப்பாவைக் கேட்டார், காதல் கைகூடாதவர் அந்தப் பெண்ணைக் கேட்டார். 1988இல் பாலு மகேந்திராவின் 'வீடு' வந்தபோது இந்தத் தொகுப்பின் இசையே படத்தின் பின்னணியாயிற்று. பாட்டே இல்லாத படம் அது. சொந்தமாக ஒரு கூரை வேண்டும் என்று போராடும் நடுத்தரக் குடும்பம். பேத்தி கட்டும் வீடு முழுதாக எழும்புவதற்கு முன்பே அதைத் தடவிப் பார்க்க வரும் முதியவராகச் சொக்கலிங்க பாகவதர். வீட்டுக்கடனும் ஒத்திப் பணமும் பேச்சாகக் கிடந்த குடும்பங்களுக்கு அந்த வயலின்கள் யாருடைய வலி என்பது அன்றே தெரிந்துபோயிற்று.

உலகின் மறுபக்கத்திலும் ஏறக்குறைய அதே நேரத்தில் இதற்கு இணையான ஒன்று நடந்தது. 1985இல் அமெரிக்காவின் வாஷிங்டனில் 'ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்' என்ற இளைஞர் குழு, டிஸ்கார்ட் என்ற சிறு நிறுவனத்தின் மூலம் ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. அசுர வேகம், அலறும் குரல், அதற்குள்ளே நெஞ்சை அறுக்கும் மெட்டு. அதுவரை கோபத்தையே பேசிய ஹார்ட்கோர் என்ற பங்க் வகை இசை, இழப்பையும் ஏக்கத்தையும் வாய்விட்டுப் பேசியது. குழு விரைவில் கலைந்தது, முழுத்தொகுப்பு என்று வந்தது அந்த ஒன்றுதான். ஆனாலும் பின்னால் 'எமோ' என்று வளர்ந்த பெருங்கிளையின் வேர்களில் அதை வைத்துப் பேசுகிறார்கள். ஒலியில் 'ஹவ் டு நேம் இட்'டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ரசிகரின் நிலை மட்டும் ஒன்று. இரண்டும் பெருங்கூட்டத்துக்காகச் செய்தவை அல்ல. கேட்டவர்கள் ஒவ்வொருவரும் தமக்காகவே செய்ததாக நம்பினார்கள், அடுத்தவர் கையில் திணித்து "கேட்டே ஆகணும்" என்றார்கள். விளம்பரம் செய்யவேண்டிய வேலையை அன்பு செய்தது.

இன்று

ரெக்கார்டிங் கடைகள் சிடிக்கு மாறி, பிறகு மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்து, கடைசியில் செல்போன் கடைகளாகிவிட்டன. காந்தி வீதியின் சண்டே மார்க்கெட்டில் பழைய சாமான்களுக்கு நடுவே கேசட்டு தென்பட்டால், அதைப் போட்டுக் கேட்க வீட்டில் கருவி இருக்காது. ஆனால் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பத்துத் துண்டுகளும் இன்று தட்டினால் வருகின்றன, இரைச்சல் இல்லாமல், காசில்லாமல். அன்று ஒரு தெருவே காத்திருந்து கேட்டதை இன்று பள்ளிக்கூடப் பையன் டவுன் பஸ்ஸில் கேட்டுக்கொண்டு போகிறான்.

பெரிய மாற்றம் கேட்கும் விதத்தில் வந்திருக்கிறது. அன்று எங்களுக்கு வரிசை மாறாது. முதல் துண்டு முடியும் முன்பே அடுத்ததன் முதல் சுரம் மனதில் எழும், பக்கம் திருப்பும் அந்தச் சில நொடி மௌனமும் இசையில் சேர்த்திதான். இன்று துண்டு துண்டாகக் கேட்கிறார்கள். ஒன்று முடிந்ததும் செயலி வேறொருவர் பாட்டைக் கொண்டுவந்து போடுகிறது. முழுத்தொகுப்பை ஒரே மூச்சில் கேட்டவர் இளைஞர்களில் குறைவு. இதை இழப்பு என்றே நான் கருதுகிறேன். பத்துத் துண்டுகளுக்கு ஒரு வரிசையை இசையமைப்பாளர் வைத்திருக்கிறார், அந்த வரிசையும் அவர் சொன்னதில் ஒரு பகுதி.

ஆனால் அதே இளைஞர்கள் எங்களால் முடியாத ஒன்றைச் செய்கிறார்கள். நாங்கள் உருகினோம், ஏன் உருகினோம் என்று தெரியாது. இவர்கள் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, செல்லோ எந்தச் சுரத்தில் நிற்கிறது, இரண்டாம் வயலின் எங்கே விலகுகிறது என்று பிரித்துக் கேட்கிறார்கள். கேட்டதை நொட்டேஷனில் எழுதுகிறார்கள், கீபோர்டிலும் கிதாரிலும் வாசித்துப் பதிவிடுகிறார்கள். கற்க இடங்களும் பெருகியுள்ளன. அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இசை சொல்லித் தருகிறது. சென்னையில் ஏ.ஆர். ரகுமானின் கே.எம். இசைப் பள்ளி 2008 முதல் மேற்கத்திய இசையை முறையாகக் கற்பிக்கிறது. வி.எஸ். நரசிம்மனே 1993இல் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் தொடங்கி, கர்நாடகக் கிருதிகளை நான்கு தந்திக் கருவிகளுக்கு எழுதி வழி காட்டினார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்க இளையராஜா பண்ணைப்புரத்தை விட்டுச் சென்னைக்கு வரவேண்டியிருந்தது. இன்று முத்தியால்பேட்டைப் பிள்ளைக்கு முதல் பாடம் கையிலேயே வருகிறது.

அதைவிட முக்கியமாக நான் கருதும் மாற்றம் ஒன்று உண்டு. ரெக்கார்டிங் கடை ஆண்கள் கூடும் இடமாக இருந்தது. பெண்கள் பாட்டுப் பட்டியலை அண்ணனிடமோ தம்பியிடமோ கொடுத்தனுப்புவார்கள். டேப் ரெக்கார்டர் கூடத்தில் இருக்கும், எப்போது எது ஓடவேண்டும் என்பதை வீட்டு ஆண்கள் முடிவு செய்வார்கள். வயலின் கேசட்டைத் தேடி அலைந்த கதைகள் பெரும்பாலும் ஆண்கள் கதைகளாக இருப்பது பெண்களுக்கு நேசம் இல்லாததால் அல்ல. இன்று தனக்குப் பிடித்ததைத் தானே தேடி, தன் அறையில், தன் நேரத்தில் ஒரு பெண் கேட்கிறாள். பழைய நாள்களைப் புகழும்போது இதை மறைத்துவிட்டுப் புகழ்வது அறமாகாது.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் கான்சர்ட் இசைக்குழு இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை அரங்கேற்றியபோது, எங்கள் தலைமுறைக்கு அது திடீர்ச் செய்தியாகப் படவில்லை. பாட்டே வராத அந்தக் கேசட்டைக் கேட்டபோதே இந்த மனிதர் எங்கே போகப்போகிறார் என்று தெரிந்துவிட்டது.

சேர்ந்து கேட்பது

இரண்டு காலத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது. நேசம் குறையவில்லை, அறிவு கூடியிருக்கிறது, வாசல் அகலமாகியிருக்கிறது. எல்லாவற்றையும்விடக் குறைந்துபோனது கூட்டுக் கேட்புதான். திண்ணையில் ஏழெட்டுப் பேர் பேசாமல் உட்கார்ந்து கேட்டபோது, ஒருவர் கண் கலங்கினால் மற்றவருக்குத் தெரியும். அந்தத் துக்கத்துக்குத் துணை கிடைத்தது. காதில் செருகிய கருவி துல்லியத்தைத் தருகிறது, துணையைத் தருவதில்லை. ஹார்ட்கோர் ரசிகர்கள் இன்றும் சிறு அரங்குகளில் நெருக்கியடித்து நின்று ஒரே குரலில் கத்திப் பாடுவது இதற்காகத்தான். தனியே கேட்டு மனப்பாடம் செய்ததைக் கூட்டத்தில் கொண்டுவந்து கொட்டினால்தான் பாரம் இறங்குகிறது.

இதைத் திருப்பிக் கொண்டுவர இந்த ஊருக்கு எல்லா வசதியும் இருக்கிறது. 1982இல் பிரான்ஸில் பிறந்த ஜூன் 21 இசைத் திருநாள் இங்கே பல ஆண்டுகளாகக் கொண்டாடப்படுகிறது. ராக் குழுக்களும் கிதார் தூக்கிய கல்லூரி மாணவர்களும் மேடை ஏறுகிறார்கள். மாலையானால் வண்டிகள் ஓடாத கடற்கரைச் சாலை இருக்கிறது. சம்பா கோவில் பாடற்குழுவில் நான்கு குரல் அறிந்தவர்கள் இருக்கிறார்கள், பல்கலைக்கூடத்தில் வயலின் மாணவர்கள் இருக்கிறார்கள், கேட்டு எழுதிய நொட்டேஷனோடு இளைஞர்கள் வீட்டில் காத்திருக்கிறார்கள். உரியவரிடம் முறையாக அனுமதி பெற்று, பத்துத் துண்டுகளையும் அவர் வைத்த வரிசையிலேயே ஒரு மாலையில் வாசிக்க முடியும். அல்லயான்ஸ் பிரான்சேஸும் அரசின் கலை பண்பாட்டுத் துறையும் கைகோத்தால் பெரிய செலவு பிடிக்காது.

கேசட்டைத் தேய்த்துக் கேட்டவர்களும் வேகத்தைக் குறைத்துக் கேட்டவர்களும் அன்று ஒரே வரிசையில் உட்காரட்டும். ஒரு தலைமுறையிடம் நினைவு இருக்கிறது, இன்னொன்றிடம் கற்ற கை இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் ஓர் இசை ஊருக்குச் சொந்தமாகும். அடுத்த ஜூனுக்கு இந்த வேலையைத் தொடங்கலாம்.