வண்டியின் எண்ணெய்ச் செலவு



மோட்டார் வண்டி வைத்திருப்போருக்கு என்றேனும் ஒருநாள் எழும் ஐயம் ஒன்று உண்டு. ‘நேற்றுவரை ஒழுங்காக ஓடிய வண்டி இன்று ஏன் இவ்வளவு பெற்றோல் குடிக்கின்றது?’ என்பதே அது. நான் எந்திரவியல் கற்றவனல்லன், பள்ளிக்கூட அதிபர். ஆயினும், நான் தவறிய இடத்தையும், பின்னர் திருந்திய வழியையும் எடுத்துக் கூறின் சிலருக்கேனும் பயன்படும் என்று நம்புகின்றேன்.

2022 ஆம் ஆண்டு இலங்கையில் நேர்ந்த எரிபொருட் பஞ்சத்தை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் கியூ.ஆர். குறியீட்டு முறை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது, கார் ஒன்றுக்கு வாரம் 20 லீற்றர் என்று பங்கீடு வகுக்கப்பட்டது. மாங்குளத்திலுள்ள என் வீட்டிலிருந்து பாடசாலைக்குப் போய்வர நாளொன்றுக்கு 36 கிலோமீற்றர். ஐந்து நாளில் 180. லீற்றருக்கு 14 கிலோமீற்றர் ஓடும் என் பழைய காருக்கு 13 லீற்றர் போதும். எஞ்சும் 7 லீற்றரில், முதுமையுற்ற என் தாயாரை மாதம் ஒருமுறை வவுனியா வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று திரும்பலாம். அதற்கு ஏறக்குறைய 90 கிலோமீற்றர் ஓடவேண்டும்.

2023 சனவரியில் இக்கணக்குப் பிழைத்தது. பங்கீட்டில் 4 லீற்றர்கூட மிஞ்சவில்லை. தாயாரின் வைத்தியசாலை நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

இத்தகைய வேளையில் முதலிற் செய்யத்தக்கது கணக்கெடுத்தலேயாம். தொட்டியை முழுதும் நிரப்பி, ஓட்டமானியின் எண்ணைக் குறித்து, சில நாள் ஓடியபின் மீண்டும் முழுதும் நிரப்பினால், இரண்டாம் முறை ஊற்றிய அளவே செலவான எண்ணெய். பங்கீட்டுக் காலத்தில் முழுத்தொட்டிக்கு வழியில்லை. ஆதலால் எண்ணெய் காட்டும் முள் ஒரே கோட்டில் நின்ற இரு நாள்களை எடுத்து, இடையில் ஓடிய தூரத்தையும் ஊற்றிய லீற்றரையும் வகுத்துப் பார்த்தேன். விடை 11 என வந்தது. ஓட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது.

இனி நான் செய்த தவற்றைக் கூறுகின்றேன். எண்ணெய் எந்திரத்தில் எரிவதால் குற்றமும் எந்திரத்திலேயே இருக்கும் என்று கருதி, பிளக்குகளை மாற்றினேன். செம்மண் புழுதி படிந்த காற்று வடிகட்டியையும் மாற்றினேன். சில்லுகளுக்குக் காற்றும் அடித்தேன். கைப்பணம் கரைந்ததேயன்றிக் கணக்கு மாறவில்லை.

அதன் பின்னரே எங்கள் ஊர்ப் பகுதியிலுள்ள முதிய திருத்துநர் ஒருவரை நாடினேன். 1990 களில் பொருளாதாரத் தடையால் வன்னியிற் பெற்றோல் காண்பது அரிதாயிருந்தபோது, ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியதை மூத்தோர் அறிவர். மண்ணெண்ணெய் குளிர்ந்த எந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. ஆகவே காபரேட்டரிற் சிறிது பெற்றோலை விட்டு எந்திரத்தை முடுக்கி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். துளியையும் எண்ணிச் செலவிட்ட அக்காலத்தில் தொழில் பயின்றவர் அவர்.

அவர் எந்திர மூடியைத் திறக்கவே இல்லை. “சேர், கியரை எடுத்துப்போட்டு ஒருக்காத் தள்ளிப் பாருங்கோ” என்றார். சமதரையில் ஒருவர் தள்ளினாலே நகரவேண்டிய கார் அசைய மறுத்தது. “கொஞ்சத் தூரம் ஓட்டிக்கொண்டு வாங்கோ” என்றார். திரும்பி வந்ததும் ஒவ்வொரு சில்லின் அருகிலும் உள்ளங்கையைத் தொடாமற் பிடிக்கச் சொன்னார். பின்சில்லுகள் இரண்டும் அனல் வீசின.

காரணம் யாதெனின், மாரி மழையில், பாடசாலை விடுமுறைக்கு, ஹான்ட் பிறேக்கை இழுத்துவிட்டு வண்டியைப் பல நாள் நிறுத்தியிருந்தேன். அதன் கம்பி துருவேறி இறுகிவிட்டது. பிடியை இறக்கிய பின்னும் பிறேக் முழுதும் விடுபடவில்லை. எந்திரம் பெற்றோலை ஒழுங்காகவே எரித்தது. அவ்வாற்றலில் ஒரு பங்கைப் பிறேக் வெப்பமாக்கி வீணடித்தது.

இதிலிருந்து நான் கற்றது, இழப்பின் அளவுக்கு ஏற்ற காரணத்தைத் தேடவேண்டும் என்பதாகும். சில்லுகளில் 10 இறாத்தல் காற்றுக் குறைந்தாலும் எண்ணெய்ச் செலவு நூற்றுக்கு இரண்டு அளவிலேயே கூடும். காபரேட்டர் பூட்டிய பழைய வண்டியில் வடிகட்டி அடைபட்டால் எண்ணெய் மிகுதியாகச் செல்லும். புதிய வண்டிகளிலோ, கணினி காற்றுக்கேற்ப எண்ணெயைக் குறைத்துவிடுவதால், வேகம் குறையுமேயன்றிச் செலவு பெரிதும் கூடாது. இவை மெல்ல வரும் சிறு நட்டங்கள்.

திடீரென வரும் பெருநட்டத்திற்குக் காரணங்கள் சிலவே. முதலாவது, இறுகிய பிறேக். இரண்டாவது, எண்ணெய் ஒழுகல். காலையில் வண்டியின் கீழ் ஈரமோ பெற்றோல் வாசனையோ இருப்பின், எந்திரத்தை முடுக்காது திருத்துநரை அழைத்தல் வேண்டும். மூன்றாவது, எந்திரம் உரிய சூட்டை அடையாமை. தேர்மோஸ்ரற் என்னும் வெப்பக் கதவு திறந்தபடி நின்றுவிட்டால், வெப்பம் காட்டும் முள் வழமையான இடத்துக்கு ஏறாது. நான்காவது, எண்ணெய்க் கலவை மிகுதல். பழைய வண்டியில் சோக் மூடியபடி சிக்கியிருக்கலாம். புதிய வண்டியில் ஒட்சிசன் உணரி பழுதடைந்திருக்கலாம். பிளக் முனையிற் கரி படிதலும், புகை கறுத்தலும், எச்சரிக்கை விளக்கு எரிதலும் இதன் அடையாளங்கள். முதல் மூன்றையும் காசு செலவின்றி நாமே சோதிக்கலாம்.

கம்பியை மாற்றி, பிறேக்கைக் கழற்றித் துப்புரவு செய்தபின், கார் மீண்டும் 14 கிலோமீற்றரை எட்டியது. தாயாரும் குறித்த நாளில் வைத்தியசாலைக்குப் போய்வந்தார். அப்பங்கீட்டு முறை 2023 செப்ரெம்பரில் நீங்கிவிட்டது. ஆயினும் ஓட்டமானியின் எண்ணும் ஊற்றிய லீற்றரும் எழுதும் சிறு கொப்பி இன்றும் என் காரில் இருக்கின்றது. மாரியில் வண்டியை நெடுநாள் நிறுத்துவதாயின், சமதரையில் கியரிலிட்டு, சில்லுக்கு ஒரு கல்லை அணை வைத்து, ஹான்ட் பிறேக்கைத் தளர்த்தி விடுகின்றேன்.