எலும்புக்கு ஒரு நாள்கணக்கு

1,500 மீட்டர், 7 நிமிடம். இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு வரும் ஆண்களுக்குத் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் வைத்திருக்கும் ஓட்டம் இது. பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். எழுத்துத் தேர்வு முடிவு வந்துவிட்டது என்பதைக் குமாரபாளையத்தில் பேப்பர் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ராத்திரி ஷிப்ட் தறி ஓய்வதற்கு முன்பே சேலம் – கோவை நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டிலும் மைதானங்களிலும் பையன்கள் ஓட ஆரம்பித்துவிடுவார்கள். அதுவரை பாதிப் பேர் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியிருக்க மாட்டார்கள்.

அந்த ஏழு நிமிடத்தில் காலுக்கு என்ன வேலை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 160, 170 அடி என்று வைத்தால் மொத்தம் ஆயிரத்து நூறுக்கு மேல். ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு, இரண்டரை மடங்கு விசை காலில் ஏறுகிறது. 60 கிலோ பையனுக்கு அது 120 முதல் 150 கிலோ. அதுவும் ஒற்றைக் காலில்.

இதைத் தாங்குவதற்காகப் பாதத்துக்குள் 26 எலும்புகளையும் 33 மூட்டுகளையும் அடுக்கி வைத்திருக்கிறான் இறைவன். குதிகாலுக்கு அடியில் கொழுப்பு மெத்தை. கொழுப்பை வெறுமனே வைத்திருந்தால் முதல் மிதியிலேயே பக்கவாட்டில் பிதுங்கிப் போயிருக்கும். அதனால் நார்ச்சுவர் எழுப்பிச் சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்து, அறைக்குள் கொழுப்பை அடைத்திருக்கிறான். உள்ளங்காலின் வளைவு மிதிக்கும்போது அமுங்கி, எழும்போது நிமிர்கிறது. கெண்டைக்கால் சதையையும் குதிகாலையும் இணைக்கும் அகிலிஸ் நாண் இழுபட்டுச் சுருங்குகிறது. 1987இல் பிரிட்டனில் அலெக்சாண்டர் என்ற விலங்கியல் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் இதை அளந்து பார்த்தார்கள். ஓடும்போது ஓர் அடியில் புழங்கும் ஆற்றல் சுமார் 100 ஜூல் என்றால், அதில் 35 ஜூலை அந்த நாணும் 17 ஜூலைப் பாதத்தின் வளைவும் வாங்கி வைத்துக்கொள்கின்றன. அதில் பெரும்பங்கை அப்படியே திருப்பியும் தருகின்றன. தசை அந்த அளவுக்கு உழைக்கத் தேவையில்லாமல் போகிறது. இப்படிச் சிக்கனமாகக் குடும்பம் நடத்த நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இத்தனை இருந்தும் மாதம் ஒன்று ஆவதற்குள் பையன்கள் நொண்டுகிறார்கள். காரணம், உடம்பின் உறுப்புகள் எல்லாம் ஒரே வேகத்தில் பழகுவதில்லை.

முதலில் பழகுவது ரத்தம். ஓட ஆரம்பித்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடிவிடும், இதயம் படபடப்பைக் குறைத்துக்கொள்ளும், மூச்சு பிடிபடும். தசை கொஞ்சம் பின்னால் வரும். நாணும் எலும்பும் வர மாதங்கள் ஆகும். இவற்றில் எலும்பின் முறை இருக்கிறதே, அதை எண்ணினால் கைகூப்பத்தான் தோன்றும். புதிய சுமை வருகிறது என்று தெரிந்ததும் எலும்பு தன்மேல் பூசிக்கொண்டு பலப்படுவதில்லை. முதலில் தன்னைத்தானே கரைத்துக்கொள்கிறது. ஆஸ்டியோக்ளாஸ்ட் என்ற செல்கள் வந்து பழைய எலும்பைக் கரைத்துக் குடைகின்றன. இதற்குச் சுமார் மூன்று வாரம். பிறகு ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் வந்து அந்தக் குடைவுகளில் புது எலும்பைப் படியவைக்கின்றன. அதற்கு மூன்று மாதம் போல ஆகும். இந்த வேலை நாம் தூங்கும்போதும் நிற்பதில்லை. வளர்ந்த மனிதரின் எலும்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் புதிதாகிறது.

இப்போது இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றாவது, நான்காவது வாரத்தில் மூச்சு அருமையாக இருக்கும். அதே வாரத்தில் எலும்பு குடைந்து முடித்து, நிரப்ப இன்னும் சரியாகத் தொடங்காத நிலையில் இருக்கும். சரியாக அப்போதுதான், 'செட் ஆயிருச்சு' என்று பையன் தூரத்தை இரட்டிப்பாக்குகிறான். குடைந்த எலும்பில் விரிசல் விழுகிறது.

இது நம் ஊர்ப் பையன்களின் பிழை மட்டுமல்ல. 1855இல் பிரைதாவுப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நெடுந்தூரம் நடக்கவைக்கப்பட்ட சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைக் குறித்துவைத்தார். எலும்பு விரிசல் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. எக்ஸ்-ரே கண்டுபிடித்த பிறகு, 1897இல்தான் அந்த வீக்கத்துக்குள் முறிந்த எலும்பு இருப்பது தெரிந்தது. அன்றும் இன்றும், சீருடை போடப்போகிற வயசுக்கே இந்த நோவு வந்து சேர்கிறது.

சென்ற தேர்வின்போது எங்கள் தெருப் பையன் ஒருவன் டீக்கடை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். "என்ன தம்பி, ஓடப் போகலையா?" என்றேன்.

"மூச்செல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்லைங்ணா. இந்த எலும்புலதான் ஒரே எடத்துல சுருக்குங்குதுங்க. எக்ஸ்-ரேல ஒண்ணுமில்லைன்னுட்டாங்க."

கணைக்கால் எலும்பின் உள்விளிம்பில் விரலை ஓட்டச் சொன்னேன். முழங்காலுக்குக் கீழிருந்து விரல் மெதுவாக இறங்கியது. கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே வந்ததும் முகம் சுருங்கியது. ஒரு ரூபாய்க் காசு அளவு இடம். அதற்கு மேலும் கீழும் வலி இல்லை. உடம்பு பேசுவதைக் கேட்பது என்றால் இதுதான். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்து, ஓடிச் சூடேறினதும் குறைந்தால் அது பெரும்பாலும் எலும்பை ஒட்டிய சவ்வின் அழற்சி. ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கும். விரல் வைத்த ஒரே புள்ளியில் குத்தி, ஒற்றைக்காலில் குதித்தால் உயிர் போய், ராத்திரி படுத்தாலும் விண்ணென்று தெறித்தால் அது விரிசலாக இருக்கலாம். அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்-ரேயில் விரிசல் தெரியாமல் போவது சகஜம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரியும்.

எலும்பைச் சுற்றியிருக்கும் உறையில் நரம்பு நுனிகளை நெருக்கமாக வைத்ததும் இறைவனின் கருணை என்றே நினைக்கிறேன். வலியே தெரியாமல் பிறக்கும் குழந்தைகள் மிக அபூர்வமாக உண்டு. எலும்பு முறிந்தது தெரியாமலேயே அவை ஓடியாடும். மூட்டுகள் சின்ன வயதிலேயே சிதைந்துவிடும். ஊடை அறுந்தால் விசைத்தறி தானே நின்றுவிடுவது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். நிற்காவிட்டால் துணி முழுக்கப் பாழ். வலியும் அந்த மாதிரி ஓர் ஏற்பாடுதான். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. வெயிலில் வியர்த்து உடம்பு வற்றியிருக்கும்போது அந்த மாத்திரைகளில் சில சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

தாகமும் இப்படித்தான். ரத்தத்தின் உப்புச்செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கூடினாலே மூளை கண்டுபிடித்துத் தண்ணீர் கேட்கும். கேட்டும் குடிக்காதது ஒரு பிழை, கேட்காமலே குடம் குடமாகக் குடிப்பது இன்னொன்று. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்கு உப்பு இயல்பான அளவுக்குக் கீழே நீர்த்துப் போயிருந்தது. பந்தயத்தின்போது உடல் எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களே அவர்களில் அதிகம்.



டீக்கடை பெஞ்சில் பார்த்த அந்தப் பையனுக்கு மருத்துவர் ஆறிலிருந்து எட்டு வாரம் ஓய்வு சொன்னார். "அதுக்குள்ள செலக்‌ஷனே முடிஞ்சுருமுங்களே" என்றான். முடிந்தும் போனது. அடுத்த முறை எழுத்துத் தேர்வுக்குப் படிக்கும்போதே ஒருநாள் விட்டு ஒருநாள், கொஞ்சம் நடை கொஞ்சம் ஓட்டம் என்று தொடங்கியிருக்கிறான்.

இடையில் ஒருநாள் இரண்டாவது எக்ஸ்-ரே படத்தைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். வலி உச்சத்தில் இருந்தபோது எடுத்த முதல் படத்தில் எலும்பு வழவழவென்று இருந்தது. இதில் அந்தக் காசளவு இடத்தில் மட்டும் விளிம்பு லேசாகப் புடைத்து வெளுத்திருந்தது. புது எலும்பு. விரிசல் கண்ணுக்குத் தெரியவந்ததே அது ஆறத் தொடங்கிய பிறகுதான்.