வல்லுநர் ஒரு பக்கம், எறியம்பு ஒரு பக்கம்!

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்பது நம்மவர் நாவில் நாள்தோறும் பயிலும் பழமொழி. காகம் இருந்ததும் உண்மை. பழம் விழுந்ததும் உண்மை. ஆயினும், பழத்தை வீழ்த்தியது காகந்தானா என்று கேட்டால் விடை கூறுவது எளிதன்று. உலகின் பெரும் பங்குச் சந்தைகளிலே இக்கேள்வி பல கோடிப் பணத்தோடு பிணைந்து நிற்கின்றது. இன்ன கம்பனியின் பங்கு விலை ஏறும் என்று ஒருவர் சொல்கிறார், அவ்வாறே ஏறுகின்றது. அதனை முன்னறிந்தது அவருடைய கல்வியும் அனுபவமுமா? அன்றி, இதுவும் காகமும் பனம்பழமும் போன்ற கதைதானா?

இதனை அறியும் பொருட்டு அமெரிக்கப் பத்திரிகை ஒன்று பதினான்கு ஆண்டு காலம் சிநேகபூர்வமான போட்டி ஒன்றை நடத்திற்று. அப்போட்டியின் வரலாறு வேடிக்கையானது. ஆனால், சிறுகச் சிறுகச் சேமித்து வைக்கும் குடும்பங்களுக்கு அது புகட்டும் பாடம் வேடிக்கையானதன்று.

கண் கட்டிய குரங்கு

ஒரு கம்பனியின் உடைமையைச் சிறு சிறு கூறுகளாக்கி விற்பதே பங்கு எனப்படுவது. கம்பனி செழித்தால் பங்கின் விலை ஏறும், நலிந்தால் இறங்கும். எது செழிக்கும், எது நலியும் என்று ஆராய்ந்து சொல்வதையே தொழிலாகக் கொண்டோர் பலர். அவர்களுக்குக் கிடைக்கும் ஊதியமும் பெரிது.

பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்துப் பொருளியற் பேராசிரியர் பேர்ட்டன் மால்கீல் 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் ஒன்றில் இவர்களைச் சீண்டிப் பார்த்தார். ஒரு குரங்கின் கண்ணைக் கட்டி, பத்திரிகையின் பங்கு விலைப் பக்கத்தின் மீது அம்பு எறியச் செய்தால், அது தெரிந்தெடுக்கும் பங்குகள் வல்லுநர் ஆராய்ந்து எடுக்கும் பங்குகளுக்குக் குறைந்தனவாக இரா என்றார் அவர்.

இதற்கு அவர் காட்டிய காரணம் சிந்திக்கத் தக்கது. ஒரு கம்பனியைப் பற்றிய நற்செய்தி பலருக்குத் தெரிந்தவுடன் அவர்கள் அதன் பங்கை வாங்க முந்துவர். விலை உடனே ஏறிவிடும். ஆகவே, இன்றைய விலையில் இன்றுவரை தெரிந்த செய்தியெல்லாம் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றது. நாளைய விலையை மாற்றுவது நாளைய செய்தி. அதனை இன்றே அறிந்தவர் யார்?

இந்த ஐயம் மால்கீலுடன் பிறந்ததன்று. அமெரிக்கச் செல்வரான அல்பிரட் கௌல்ஸ் என்பவர், பங்கு ஆலோசனை வழங்கிய 16 நிறுவனங்களின் பரிந்துரைகளைப் பல ஆண்டுகளுக்குத் திரட்டி, அதன் முடிவை 1933ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவற்றின் சராசரிப் பலன், பொதுச் சந்தையின் பலனைவிட ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 1.43 வீதம் குறைவாக இருந்தது. அவர் சீட்டுக்களைக் கலைத்து எடுத்து, குருட்டாம் போக்கான ஆரூடங்களையும் உண்டாக்கி ஒப்பு நோக்கினார். மிகச் சிறந்த ஆலோசகரின் வெற்றியும் சீட்டு விளையாட்டின் வெற்றியைப் பெரிதும் மிஞ்சவில்லை என்று கண்டார்.

களத்தில் இறங்கிய வல்லுநர்

மால்கீலின் குரங்கை நியூ யோர்க் நகரின் 'வோல் ஸ்ரீட் ஜேர்னல்' பத்திரிகை 1988ஆம் ஆண்டில் களத்துக்குக் கொண்டுவந்தது. குரங்குக்குப் பதிலாகப் பத்திரிகை அலுவலர்களே பங்கு விலைப் பக்கத்தின் மீது சிற்றம்புகளை எறிந்தனர். ஒரு பக்கம் நான்கு வல்லுநர், ஆளுக்கொரு பங்கு. மறுபக்கம் நான்கு அம்புகள், அவை தைத்த நான்கு பங்குகள். முதலில் ஒரு மாதம் என்றிருந்த போட்டிக் காலம் 1990ஆம் ஆண்டு முதல் ஆறு மாதமாயிற்று. ஒவ்வொரு மாதமும் புதிய போட்டி ஒன்று தொடங்கும். நால்வருள் முதலிரு இடங்களைப் பெற்றோர் மீண்டும் அழைக்கப்படுவர். ஏனைய இருவரின் இடத்துக்குப் புதியவர் வருவர்.

1998ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் நூறு போட்டிகளின் முடிவு வெளியாயிற்று. வல்லுநர் 61 தடவை வென்றிருந்தனர். அம்பு 39 தடவை வென்றிருந்தது. ஆறு மாத காலத்தில் வல்லுநரின் பங்குகள் சராசரியாக நூற்றுக்கு 10.8 வீதம் ஏறியிருந்தன. அம்பு தைத்தவை 4.5 வீதமே ஏறின. பெருங் கம்பனிகளின் விலைப் போக்கைக் காட்டும் டௌ ஜோன்ஸ் சுட்டெண்ணின் ஏற்றம் 6.8 வீதம்.

வல்லுநர் மார்தட்டிக் கொள்ளலாம் என்றே இதனைப் படிப்போர் எண்ணுவர். ஆனால், அதே கணக்கில் இன்னோர் எண்ணும் இருந்தது. டௌ ஜோன்ஸ் சுட்டெண்ணோடு ஒப்பிட்டபோது வல்லுநர் வென்றவை நூற்றில் 51 மட்டுமே. பூவா தலையா என்று நாணயத்தைச் சுண்டினாலும் ஏறக்குறைய இத்தனை வெற்றி கிட்டும்.

கணக்கின் உட்கிடை

எண்களை ஆராய்ந்த பொருளியலாளர் மேலும் சில உண்மைகளை வெளிக்கொணர்ந்தனர்.

முதலாவது, போட்டியில் விலையேற்றம் மட்டுமே கணக்கிடப்பட்டது, பங்கிலாபம் சேர்க்கப்படவில்லை. ஆண்டுதோறும் ஒழுங்காகப் பங்கிலாபம் தரும் பழைய, நிதானமான கம்பனிகள் இதனாற் பின்தங்கின.

இரண்டாவது, வல்லுநர் தெரிந்த பங்குகள் பெரும்பாலும் சந்தைச் சராசரியிலும் வேகமாக ஏறியிறங்கும் இயல்பின. இதில் வியப்பில்லை. போட்டியில் முதலிடம் பெற்றவர் பேரும் புகழும் பெறுவார். கடைசி இடம் பெற்றவர் ஒரு செப்புக் காசும் இழக்கமாட்டார். அப்படியிருக்க, துணிந்து அடித்தால் என்ன என்று எண்ணுவது இயல்பேயாகும்.

ஆனால், தம் சொந்தப் பணத்தோடு நிற்கும் குடும்பத்தவரின் நிலை வேறு. நூறு ரூபாய் ஐம்பது வீதம் குறைந்தால் ஐம்பது ரூபாய் ஆகும். அந்த ஐம்பது மீண்டும் நூறாவதற்கு ஐம்பது வீத ஏற்றம் போதாது. நூறு வீத ஏற்றம் வேண்டும். இறங்குவது எளிது, ஏறுவது அரிது என்பதை இச்சிறு கணக்கே காட்டும்.

மூன்றாவது உண்மையே மிக முக்கியமானது. வல்லுநரின் தேர்வு பத்திரிகையில் வெளிவந்ததும், அதனைப் படித்தவர்கள் அப்பங்குகளை வாங்க முண்டியடித்தனர். 1993ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றின்படி, வெளியான இரு நாட்களில் அப்பங்குகளின் விலை வழக்கத்துக்கு மாறாக நூற்றுக்கு 4 வீதம் ஏறியது. கொடுக்கல் வாங்கல் இரு மடங்காயிற்று. 25 வர்த்தக நாட்களுக்குள் அந்த ஏற்றத்தின் ஒரு பகுதி மறைந்து போயிற்று. தம் பெயர் அச்சேறியதனால் விளைந்த ஏற்றமும் வல்லுநரின் வெற்றிக் கணக்கிலே சேர்ந்துகொண்டது!

அந்த ஏற்றத்துக்கு விலை கொடுத்தவர் யார்? காலையில் பத்திரிகையைப் படித்து, ஏறிய விலைக்கு வாங்கிய சாதாரண வாசகரே. 1999ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, வல்லுநர் சொற்படி வாங்கி ஆறு மாதம் வைத்திருந்தவர், அவர் ஏற்ற ஆபத்தையும் கணக்கிற் கொண்டால், நூற்றுக்கு 3.8 வீதம் நட்டமடைந்திருப்பார் என்று காட்டிற்று. வல்லுநர் வென்றார், அவரைப் பின்பற்றியவர் தோற்றார். போட்டி 2002ஆம் ஆண்டில் முடிவுற்றது.

பூனையார் பெற்ற வெற்றி

பத்தாண்டு கழித்து, 2012ஆம் ஆண்டில், இலண்டனின் 'ஒப்சேவர்' ஞாயிறு இதழ் இதே விளையாட்டை வேறு விதமாக ஆடிப் பார்த்தது. அங்கே மூன்று அணிகள்: பல்லாண்டு அனுபவமுள்ள மூன்று முதலீட்டு வல்லுநர் ஓரணி, ஹொட்ஸ்டன் என்னும் ஊரின் பாடசாலை மாணவர் ஓரணி, ஒர்லாண்டோ என்னும் பூனையார் மூன்றாம் அணி. ஒவ்வோர் அணிக்கும் கற்பனையாக 5,000 பவுண் கொடுக்கப்பட்டது. அதனைக் கொண்டு ஐந்து கம்பனிகளில் முதலிட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக் கொள்ளலாம். வல்லுநர் தம் அனுபவத்தைக் கொண்டு தெரிந்தெடுத்தனர். கட்டங்களில் கம்பனிகளுக்குரிய எண்கள் எழுதப்பட்டிருந்தன. பூனையார் தம் விளையாட்டு எலியை அவற்றின் மீது எறிந்து தெரிந்தெடுத்தார்.

செப்தெம்பர் மாத முடிவில் வல்லுநரின் இலாபம் 497 பவுண்; பூனையாரின் இலாபம் 292 பவுண். ஆனால் ஆண்டு முடிவில் நிலைமை தலைகீழாயிற்று. பூனையாரிடம் 5,542.60 பவுணும், வல்லுநரிடம் 5,176.60 பவுணும், மாணவரிடம் 4,840 பவுணும் இருந்தன.

உலகம் சிரித்தது. நாமும் சிரிப்போம். ஆனால், மாணவ வாசகர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். செப்தெம்பர் முடிவோடு போட்டியை நிறுத்தியிருந்தால், வெற்றி வாகை வல்லுநருக்கே. மூன்று மாதம் நீட்டியதனால் மகுடம் பூனைக்குப் போயிற்று. பூனைக்கு அறிவு மிகுதி என்பதும் அன்று; வல்லுநர் மூடர் என்பதும் அன்று. ஓராண்டு என்னும் கால அளவு, அறிவையும் அதிர்ஷ்டத்தையும் பிரித்துக் காட்டப் போதாது என்பதே பொருள்.

இதனை நாணயம் ஒன்றினால் விளக்கலாம். 1,024 பேர் நாணயம் சுண்டுகிறார்கள் என வைத்துக்கொள்வோம். தலை விழுந்தவர் மட்டும் அடுத்த சுற்றுக்குச் செல்லலாம். முதற் சுற்றில் ஏறக்குறைய 512 பேர் எஞ்சுவர். பின்பு 256, 128 என்று குறைந்து, பத்தாம் சுற்றின் முடிவில் ஒருவர் எஞ்சக்கூடும். பத்துத் தடவை தொடர்ந்து தலையே விழச் செய்த அந்த மனிதரைப் பத்திரிகைகள் நாணயம் சுண்டுவதில் மேதை எனப் புகழும். அவரிடம் கைப்பக்குவம் கேட்கச் செல்வாரும் உளர். தோற்றுப்போன 1,023 பேரை எவரும் நினையார். பங்கு வெற்றிக் கதைகளைப் படிக்கும்போது, எத்தனை பேர் களத்தில் இறங்கினர் என்று முதலிற் கேட்க வேண்டும்.

பத்தாண்டுப் பந்தயம்

அப்படியாயின், நீண்ட காலப் போட்டி ஏதேனும் நடந்ததுண்டா என வாசகர் வினவலாம். உண்டு. பங்குகளைத் தெரிந்து வாங்கியே பெருஞ் செல்வம் ஈட்டியவரான வாரன் பஃபெட், 2008ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு முதலீட்டு நிறுவனத்தோடு பத்தாண்டுப் பந்தயம் கட்டினார். எந்தத் தெரிவும் செய்யாது, அமெரிக்காவின் 500 பெருங் கம்பனிகளின் பங்குகளையும் மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் மலிவான சுட்டெண் நிதியம் ஒன்று அவர் பக்கம். தேர்ந்த நிபுணர் பலரின் திறமையை ஒன்று சேர்த்து, அதற்கு உயர்ந்த கட்டணம் அறவிடும் ஐந்து நிதியங்கள் எதிர்ப் பக்கம்.

முதலாண்டிலேயே பெருஞ் சரிவு நேர்ந்தது. சுட்டெண் நிதியம் நூற்றுக்கு 37 வீதம் வீழ்ந்தது. நிபுணரின் ஐந்து நிதியங்களும் அதனிலும் குறைவாகவே வீழ்ந்தன. அன்று தீர்ப்புக் கூறியிருந்தால் பஃபெட் தோற்றவர். ஆனால் 2017ஆம் ஆண்டு முடிவில் சுட்டெண் நிதியத்தின் மொத்த ஏற்றம் நூற்றுக்கு 125.8 வீதம். ஐந்து நிதியங்களுள் மிகச் சிறந்ததன் ஏற்றம் 87.7 வீதம், மிகக் கீழானதன் ஏற்றம் 2.8 வீதம். நிபுணரின் கட்டணமும், அவரைத் தெரிந்தெடுத்தவரின் கட்டணமும் ஆண்டுதோறும் இலாபத்தை அரித்துவிட்டன என்பது பஃபெட்டின் விளக்கம். பந்தயப் பணம் 22 இலட்சம் டொலருக்கு மேற்பட்டது. அது ஒமாகா நகரில் பெண்பிள்ளைகளின் நலம் பேணும் சங்கம் ஒன்றுக்குச் சென்றது.

எமக்குரிய பாடம்

இத்தகைய போட்டிகள் வேண்டாதவை என்று நாம் கூறவில்லை. மாணவர் சிலர் கூடி, கற்பனைப் பணத்தில் இவ்விளையாட்டை ஆடிப் பார்ப்பது நன்று. கம்பனியொன்றின் வரவு செலவு அறிக்கையைப் படிக்கவும், நாட்டின் வர்த்தகச் செய்திகளைக் கருத்தூன்றி நோக்கவும் அது தூண்டும். தேர்வின் காரணத்தை அன்றே எழுதி வைத்து, வென்றதைப் போலவே தோற்றதையும் மறைக்காது குறித்துக்கொண்டால் பயன் இரட்டிப்பாகும். ஓரணிக்குச் சீட்டுக் குலுக்கிப் பங்குகளைத் தெரிந்து கொடுத்தால், அகந்தைக்கும் அது நல்ல மருந்து.

ஆனால், விளையாட்டு மைதானத்துத் துணிவை வீட்டுப் பெட்டகத்துக்குக் கொண்டுவருதல் ஆகாது. மகளின் திருமணத்துக்கென்றும் மகனின் மேற்படிப்புக்கென்றும் ஒதுக்கிய பணம் போட்டிப் பணம் அன்று. இவர் சென்ற ஆண்டு வென்றவர் என்று எவரேனும் ஒருவரின் தேர்வைச் சுட்டிக்காட்டினால், அவர் எத்தனை ஆண்டு வென்றார், எத்துணை ஆபத்தை ஏற்று வென்றார், அவர் சொல் வெளியான பின்பு வாங்கியவர் என்ன பெற்றார் என மூன்று கேள்விகளைக் கேட்டறிந்த பின்னரே பணப்பையைத் திறத்தல் வேண்டும்.

சிநேகபூர்வமான போட்டியில் தோற்ற வல்லுநர், வென்றவரின் கையைக் குலுக்கிவிட்டுச் சிரித்த முகத்தோடு வீடு செல்வார். அவர் சொற்கேட்டுச் சேமிப்பை இழந்தவரின் வீட்டிலே அன்று சிரிப்பொலி கேட்காது.