மதுநாதர் நிழலிலிருந்து தேனருவி வரை

தென்காசிச் சீமையில் ஆனி மாதம் பிறந்துவிட்டது என்பதை நாட்காட்டி சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. காற்றே வந்து சொல்லிவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக மலையாளக் கரையின் ஈரத்தைச் சுமந்து வரும் அந்தக் காற்று வீசத் தொடங்கியதும், திரிகூட மலையின் மூன்று சிகரங்களும் மேகத்துக்குள் மறைந்துகொள்ளும். வெயில் காயும்போதே சாரல் பூவாய்த் தூறும். தமிழகத்தின் பிற ஊர்கள் வெப்பத்தில் வாடியிருக்கும் நாட்களில் இந்த மலையடிவாரம் மட்டும் ஈரமும் பசுமையுமாகக் குளிர்ந்து கிடக்கும்.

இந்நாட்களில் குற்றாலத்துக்கு வருவோரில் பெரும்பாலோர் நேரே பேரருவிக்குச் சென்று, நீராடி, குற்றாலநாதரைத் தரிசித்துத் திரும்பிவிடுகின்றனர். அதுவும் நிறைவான யாத்திரைதான். ஆயினும் நம் முன்னோர் இந்த மலையையும் காட்டையும் நீரையும் எவ்வாறு வழிபாட்டுக்குள் வைத்துக் காத்தனர் என்பதை உணர விரும்பும் அன்பர்கள், சற்றுத் தள்ளி இலத்தூரிலிருந்து தொடங்குவது நல்லது. ஒவ்வொரு தலத்திலும் ஒரு மரம் நம்மை வரவேற்கக் காண்போம்.

தேன் சொட்டிய மரம்

தென்காசிக்கு அருகே, அகன்ற குளமும் வயல்களும் சூழ அமைந்த சிற்றூர் இலத்தூர். குளக்கரையில் நின்று மேற்கே நோக்கினால் மலைத்தொடர் முழுவதும் நீரில் தலைகீழாகத் தெரியும். கார், பிசானம் என்னும் இரு பருவ நெல்லையும் நம்பி வாழ்ந்த ஊர்களுக்கே உரிய அமைதி இங்கு இன்னும் இருக்கிறது.

இங்கே அறம் வளர்த்த நாயகியுடன் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்கு மதுநாதர் என்பது திருநாமம். சனிபகவானின் பார்வையால் வருந்திய அகத்திய முனிவர், இவ்விடத்தில் ஒரு புளியமரத்தடியில் மணலால் லிங்கம் பிடித்து வழிபட்டார் என்றும், மரத்திலிருந்த தேனடையிலிருந்து தேன் சொட்டி அந்த மணல் லிங்கத்தை இறுகச் செய்தது என்றும் தலவரலாறு கூறுகிறது. தேனுக்கு மது என்றும் ஒரு பெயர் உண்டு. அதனால் அவர் மதுநாதர் ஆனார். சனிபகவானின் தோஷம் நீங்க வேண்டி இன்றும் அன்பர்கள் இத்தலத்தை நாடி வருகின்றனர்.

இந்த வரலாற்றைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கே முதல் அபிஷேகத்தைச் செய்தவர் அரசரும் அல்லர், அர்ச்சகரும் அல்லர். ஒரு மரமும் அதில் கூடு கட்டிய தேனீக்களுமே செய்தன. காடு இருந்தால்தான் பூ உண்டு. பூ இருந்தால்தான் தேனீ உண்டு. தேனீ இருந்தால்தான் தேன் உண்டு. இறைவனின் திருநாமத்திலேயே காட்டை வைத்துவிட்டார்கள் நம் பெரியோர்.

மகிழம் பெயர் தந்த ஊர்

இலத்தூரிலிருந்து குற்றாலம் நோக்கிச் செல்லும்போது காணவேண்டிய அடுத்த தலம் இலஞ்சி. இலஞ்சி என்னும் சொல்லுக்கு மகிழமரம் என்றும், நீர்நிலை என்றும் பொருள் உண்டு. இவ்வூரைப் பொறுத்தவரை இரண்டு பொருளும் பொருந்துவதே வியப்பு. சிற்றாற்றின் ஈரம் படிந்த வயல்களுக்கு நடுவே வள்ளி தெய்வானையுடன் திருவிலஞ்சிக் குமாரர் அருள்புரிகிறார். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம் இது.

மகிழம்பூவுக்கு ஒரு குணம் உண்டு. வாடினாலும் மணம் குன்றாது. முதுமையிலும் பக்தி குன்றாத நம் பெரியோர்களை நினைக்கும்போது இந்தப் பூவே நினைவுக்கு வருகிறது. தலமரமாக ஒரு மரத்தைப் போற்றுவது வெறும் சடங்கு அன்று. மற்ற மரங்களை வெட்டினாலும் இந்த ஒரு மரத்தில் கோடரி படக்கூடாது என்று ஊரே ஒப்புக்கொண்ட கட்டுப்பாடு அது. வனத்துறையும் சட்டமும் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்தக் கட்டுப்பாடு வேலை செய்தது.

குறும்பலாவின் நிழலில்

குற்றாலத்தில் இறைவன் குறும்பலாநாதர் என்றே அழைக்கப்படுகிறார். இங்கே தலமரம் பலா. திருஞானசம்பந்தர் குற்றாலத்துக்கு ஒரு பதிகமும், குறும்பலாவின் பெயராலேயே தனியாக இன்னொரு பதிகமும் அருளியிருக்கிறார். ஒரு மரத்தின் பெயரால் ஒரு பதிகம் அமைவது எளிய பேறு அன்று.

சங்கின் வடிவில் அமைந்த இக்கோயிலில் குழல்வாய்மொழி அம்மையுடன் இறைவன் வீற்றிருக்கிறார். திருமாலாக இருந்த திருமேனியை அகத்தியர் தம் கரத்தால் தலையில் அழுத்திச் சிவலிங்கமாக்கினார் என்பது தலவரலாறு. அந்த அழுத்தத்தால் உண்டான தலைவலி தீரவேண்டி, மூலிகைகள் சேர்த்துக் காய்ச்சிய தைலம் இறைவனுக்குச் சாத்தப்படுகிறது. கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, தெப்பக்குளத்தின் கரையில் தனியே நிற்கும் சித்திர சபை, நடராசப் பெருமானின் ஐந்து சபைகளுள் ஒன்று. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் செம்பு, திருவாலங்காட்டில் இரத்தினம் என்றிருக்க, இங்கே பெருமான் சுவரில் ஓவியமாகவே ஆடுகிறார். மலைச்சாரலின் ஈரக் காற்றுக்கு நடுவே ஓவியச் சபை அமைந்திருப்பது எத்தனை கவனத்தோடு காக்கப்பட வேண்டிய செல்வம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியில், குறத்தி தன் மலையின் வளத்தைச் சொல்லும் பகுதிதான் பலருக்கும் மனப்பாடம். அந்த நூலுக்காக மதுரையை ஆண்ட முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் கவிராயருக்கு நிலம் வழங்கினார். அந்த நிலம் குறவஞ்சிமேடு என்றே பெயர் பெற்றது. ஒரு மலையின் வளத்தைப் பாடியதற்கு நிலமே பரிசாகக் கிடைத்த நாடு இது.

பின்னர் வந்த கிழக்கிந்தியக் கம்பெனியாரும் இம்மலையின் குளிர்ச்சியைக் கண்டு, சாதிக்காய், கிராம்பு முதலிய நறுமணப் பயிர்களை வளர்க்க இங்கே தோட்டம் அமைத்தனர். சாரல் காலத்தில் குற்றாலக் கடைத்தெருவில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருப்பதைப் பார்க்கும் பேரக்குழந்தைகளுக்கு, கடல்கடந்து வந்த இந்தக் கனிகளும் இம்மலைச் சாரலில் வேர்கொண்டு காய்ப்பதைச் சொல்லலாம்.

செண்பகமும் தேனும்

பேரருவி நம் கண்முன் விழுவதற்கு முன் பாதிவழியில் பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த பாறைக்குழியில் விழுந்து, பொங்கி, அதன்பின்னரே கீழே இறங்குகிறது. அந்தப் பள்ளம் வேகத்தைத் தாங்கிக்கொள்வதால்தான் நாம் கீழே நின்று நீராட முடிகிறது. கங்கையைச் சடையில் தாங்கிய பெருமானின் கருணையை இங்கே பாறையில் காண்கிறோம்.

அதற்கும் மேலே காட்டுக்குள் செண்பகாதேவி அருவி. செண்பக மரங்கள் சூழ்ந்த இடத்தில் அம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். சித்ரா பௌர்ணமி இங்கே விசேடமானது. இன்னும் மேலே தேனருவி. பாறை இடுக்குகளில் தொங்கும் தேனடைகளால் அந்தப் பெயர். இலத்தூரில் லிங்கத்தின் மேல் சொட்டிய தேன், இங்கே மலையின் உச்சியில் மீண்டும் நம்மைச் சந்திக்கிறது. இப்பகுதிகள் வனத்துறையின் பாதுகாப்பில் இருப்பவை, அனுமதியின்றிச் செல்லலாகாது. முதியவர்கள் அடிவாரத்திலிருந்தே கைகூப்பித் தொழுதால் போதும். அம்மன் அதையும் ஏற்றுக்கொள்வாள்.

இந்தக் காடு மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. அம்மலைத்தொடரின் 39 இடங்களை யுனெஸ்கோ 2012ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மழைக்காட்டின் மண் பஞ்சு போன்றது. பெய்யும் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக விடும். மழை ஓய்ந்த நாளிலும் அருவியில் நீர் விழுவது இதனால்தான். மரம் குறைந்தால் மழை பெய்த அன்றே நீரெல்லாம் ஓடிவிடும். மறுநாள் பாறைதான் மிஞ்சும்.

எண்ணெயும் அருவியும்

இனி, மனத்துக்குச் சங்கடமான ஒன்றையும் பேசியாக வேண்டும்.

எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்பது நம் தலைமுறைக்குப் பழகிப்போன வழக்கம். அருவிக்கரையிலேயே எண்ணெய் தேய்த்துவிடுவோர் இருந்தனர். சீயக்காயும், பின்னர் சோப்பும் ஷாம்பும் வந்தன. அவற்றின் உறைகள் பாறைகளுக்கிடையே சேர்ந்தன. தோஷம் கழிவதாக எண்ணி உடுத்திய துணியை நீரிலேயே விட்டுச் செல்லும் வழக்கமும் பரவியது. 2014ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டு, அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றைப் பயன்படுத்தத் தடை விதித்தது.

‘காலங்காலமாகச் செய்துவந்ததை நீதிமன்றம் தடுக்கலாமா?’ என்று வருந்திய பெரியவர்கள் உண்டு. அந்த வருத்தம் பொய்யானதன்று. ஆனால் அமைதியாக யோசித்தால் விடை நம் மரபிலேயே இருக்கிறது. தைலம் குற்றாலநாதருக்கு உரியது. அது கருவறையில் அவர் திருமுடிக்குச் சாத்தப்படுகிறது. வெளியே நமக்காக அவர் அனுப்புவது, மூலிகைக் காட்டின் வேர்களைத் தழுவி வரும் நீர். அதன்மேல் நாம் சேர்க்க வேண்டியது எதுவும் இல்லை. எண்ணெய் தேய்க்கும் வழக்கத்தை விரும்புவோர் தங்கும் விடுதியிலேயே தேய்த்துக் குளித்துவிட்டு, அதன்பின் அருவிக்கு வரலாம்.

என் பாட்டி அருவியில் இறங்குமுன் ஒரு கை நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, ‘தாயே, உன்மேல் கால் வைக்கிறேன், பொறுத்துக்கொள்’ என்று சொல்வார். அதன்பிறகே உள்ளே செல்வார். நீரை மிதிப்பதற்கே பொறுத்தருள வேண்டியவர், அதில் எதையும் எறிய மனம் கொள்வாரா? பழைய வழக்கம் என்று நாம் சொல்வதற்கும் முந்தைய வழக்கம் அதுதான்.

மேலும் ஒன்று. குற்றாலத்தில் நம் மேனியைத் தொட்ட நீர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. சிற்றாறாக ஓடி, தென்காசியைக் கடந்து, வழிநெடுகக் கால்வாய்களிலும் குளங்களிலும் நிறைந்து, வயல்களில் பாய்ந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. நாம் அருவியில் விடும் எதுவும் யாரோ ஒருவர் வீட்டு உலைநீருக்கும், ஏதோ ஒரு கோயிலின் அபிஷேகக் குடத்துக்கும் போய்ச் சேரக்கூடும்.

அருவியின் சீற்றத்தையும் மறக்கலாகாது. 2024 மே 17 அன்று, மலைமேல் பெய்த மழையால் பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் பாய்ந்து, 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். கீழே வெயில் இருந்தாலும் மேலே மழை பெய்திருக்கலாம். காவலர்கள் குளிக்கத் தடை என்றால், அதை அம்மையின் உத்தரவாக ஏற்றுப் பேரக்குழந்தைகளைக் கைப்பிடித்துக் கரையேற்றிவிட வேண்டும். நீராடக் கிடைக்காத நாளில் கோயிலில் தரிசனம் செய்து, சித்திர சபையில் சற்று நேரம் அமர்ந்திருந்தாலும் யாத்திரை நிறைவுறும்.

ஒரு மன்னனின் வணக்கம்

யாத்திரையைத் தென்காசியில் முடிப்பது பொருத்தம். காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாயிலில் நுழையும்போது மேற்கிலிருந்து வரும் காற்று நம்மைத் தள்ளிக்கொண்டே வரவேற்கும். 15ஆம் நூற்றாண்டில் இக்கோயிலை எடுப்பித்தவன் பராக்கிரம பாண்டியன். சிதைந்து கிடந்த இதன் இராசகோபுரம் 1990ஆம் ஆண்டில் சுமார் 180 அடி உயரத்தில் மீண்டும் எழுந்தது.

அந்த மன்னன் கல்லில் வெட்டிவைத்த செய்தி ஒன்று நெஞ்சை உருக்கும். இக்கோயிலுக்குப் பிற்காலத்தில் குறை நேரும்போது அதைத் திருத்திக் காப்பவர் யாரோ, அவர் திருவடிகளில் தான் இப்போதே விழுந்து வணங்குவதாக அவன் சொல்கிறான். முடிசூடிய வேந்தன், இன்னும் பிறக்காத, பெயர் தெரியாத மனிதர்களை வணங்குகிறான்.

மதுநாதரின் தேன்மரம், இலஞ்சியின் மகிழம், குற்றாலத்தின் குறும்பலா, தேவியின் செண்பகம் இவையும் கோயில்களே. கல்லால் கட்டியது சிதைந்தால் மீண்டும் கட்டலாம். தென்காசிக் கோபுரம் அதற்குச் சாட்சி. காட்டை அவ்வாறு ஓர் ஆண்டில் கட்டி எழுப்ப முடியாது. அடுத்த முறை குற்றாலம் செல்லும்போது பையில் எண்ணெய்ப் புட்டியை எடுத்து வைக்காமல், வெறுங்கையோடு அருவியின் கீழ் நில்லுங்கள். ஊர் திரும்பியதும் உங்கள் ஊர்க் கோயிலின் நந்தவனத்தில் ஒரு மகிழங்கன்றை நட்டு, பேரப்பிள்ளையின் கையால் நீர் ஊற்றச் செய்யுங்கள். பராக்கிரம பாண்டியனின் வணக்கம் அந்தச் சிறு கைகளையும் வந்து சேரும்.