எழுதும் கருவி – 11: புள்ளி போன கதை

போன வாரம் மின்கலத்தில் நிறுத்தினேன். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிப் படித்துக்கொள்ளுங்கள், இங்கே இடமில்லை. இந்த வாரம் திரையைப் பற்றி என்று வாக்குக் கொடுத்திருந்தேன். கொடுத்தபோது என் மடிக்கணினியில் எஃப் பொத்தான் உயிரோடு இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அது போய்ச் சேர்ந்தது. காபி கொட்டவில்லை, கீழே விழவில்லை. அழுத்தினால் உள்ளே போகிறது, விட்டால் மேலே வருகிறது, திரையில் மட்டும் ஒன்றும் விழவில்லை. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு எஃப் போனால் இருபத்தாறில் ஒன்று போச்சு. நான் தட்டுவது தமிழ் 99. அதில் எஃப்தான் புள்ளி. அது போனால் மெய்யெழுத்துக் கூட்டமே போன மாதிரி. ஷிப்டோடு சேர்த்து அழுத்தினால் ஆய்தம், அதுவும் போயிற்று.

கட்டுரை அன்றைக்கே போயாக வேண்டும். வழக்கமான பொய் ஒன்றைத் தட்டி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்: பல் வலி, கட்டுரை நாளை. ஐந்தே நிமிடத்தில் உதவி ஆசிரியரிடமிருந்து தொலைபேசி.

“சார், என்ன ஆச்சு? பல வலின்னு போட்டிருக்கீங்க. ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா? எங்கெங்க வலிக்குது?”

பல் பல ஆகிவிட்டிருந்தது. பொய்யைத் திருத்தப் போனால் உண்மை வெளியே வந்துவிடும். அந்தப் பெண்ணிடம் முனகிவிட்டு வைத்தேன். அப்புறம்தான் அனுப்பிய கடிதத்தைத் திறந்து பார்த்தேன். ‘பல வலி. கட்டுரை நாளை.’ பல்லில் புள்ளி இல்லை, சரி. கட்டுரையில் புள்ளி எப்படி வந்தது?

இந்த வாரம் என்னைப் பிடித்து ஆட்டியது இதுதான். பல வருடமாகத் தமிழ் 99-இல் தட்டுகிறேன். விரல் அறிந்ததை மூளை மறந்துவிட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு நடந்ததே, அதை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை இது. உயிர் இடக்கைப் பக்கம், மெய் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். அதை வகுத்தவர்கள் ஓர் உபகாரம் செய்து வைத்திருக்கிறார்கள். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ட, ட என்று தட்டினால் ட்ட. இன எழுத்துகளுக்கும் அப்படியே: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்ற ஆறு ஜோடிக்கும் புள்ளியைத் தொட வேண்டியதில்லை. தமிழில் எந்தெந்த மெய்கள் கைகோத்து நடக்கும் என்று இலக்கணம் தெரிந்தவர்கள் செய்த வேலை.

இதற்கு ஒரு தொல்லையும் உண்டு. புதிதாகப் பழகியபோது தத்துவம் என்று தட்டினேன். சொல்லின் தலையிலேயே ‘த்த’ என்று வந்து நின்றது. மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்று தொல்காப்பியர் சொன்னது கணினிக்குத் தெரியுமா? முதல் தகரத்துக்குப் பின்னால் ஓர் அகரத்தைத் தட்டிவிட்டு மேலே போக வேண்டும். இதைக் கண்டுபிடிக்கும்வரை நான் தத்துவத்தின் பக்கமே போகவில்லை. வாசகர்களுக்கு நல்லதுதான்.

எஃப் இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். கட்டுரை எழுத வேண்டிய காலைப்பொழுது அதில் கழிந்தது. அம்மா, அப்பா, தம்பி வருவார்கள். தங்கையும் வருவாள். மனைவி வருவாள், கணவன் வரமாட்டான். நண்டு, இஞ்சி, பந்து, கன்று எல்லாம் வரும். கடவுள் வரமாட்டார். பணம் வராது, நல்லவேளை, கடனும் வராது. எழுத்து வரும், தமிழ் வராது.

‘கண்ணன் சென்னையில் புத்தகம் விற்கிறான்.’ இந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சொல், பத்தொன்பது எழுத்து, அதில் எட்டுப் புள்ளி. ண்ண, ன்ன, த்த மூன்றும் தானாக விழுந்துவிடும். மீதி ஐந்துக்கு எஃப்பைத்தான் குத்த வேண்டும். நாலு சொல்லுக்கு ஐந்து குத்து என்றால், இந்தத் தொடர் பதினோரு வாரத்தில் அந்தப் பொத்தானை என்ன பாடு படுத்தியிருக்கும்! எஃப்பிலும் ஜேயிலும் விரலுக்கு வழிகாட்ட ஒரு சின்ன மேடு வைத்திருப்பார்கள், தொட்டுப் பாருங்கள். என் ஜேயில் மேடு இருக்கிறது. எஃப்பில் தேய்ந்து மழுங்கி, கோலமிட்ட தரையை மெழுகிவிட்ட மாதிரி வழுவழுவென்று இருக்கிறது.

மதியம் அக்கா மகன் வந்தான். கணினி படித்தவன். விஷயத்தைச் சொன்னேன்.

“கேப்ஸ் லாக் எதுக்கு மாமா யூஸ் பண்றீங்க?”

“ஒண்ணுத்துக்கும் இல்லடா.”

“தமிழ்ல கேப்பிட்டல் லெட்டரே கிடையாதே. அப்ப அதைப் புள்ளியா மாத்திக்குங்க.”

மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகக் கொடுக்கும் பவர்டாய்ஸ் என்ற கருவியை இறக்கி, இந்தப் பொத்தானை அழுத்தினால் அந்தப் பொத்தான் என்று நினைத்துக்கொள் என்று கணினிக்கு ஓதிவிட்டுப் போனான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்தக் கட்டுரையில் நீங்கள் பார்க்கிற புள்ளிகளில் தானாக விழுந்தவை போக மற்ற எல்லாம் இடக்கைச் சுண்டுவிரலால் வைத்தவை. சுண்டுவிரல் இப்போது நிஜமாகவே வலிக்கிறது. பல வலியில் ஒரு வலி.

புள்ளியில்லாத தமிழ் என்றதும் ஓலைச்சுவடி ஞாபகத்துக்கு வராமல் இருக்குமா? எழுத்தாணியால் ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும். அதனால் ஏடு எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டே எழுதினார்கள். அங்கேயும் பல் என்றாலும் பல என்றாலும் ஒரே தோற்றம். அது மட்டுமா? குறில் எகரம், நெடில் ஏகாரம் வித்தியாசமும் கிடையாது. பழைய முறையில் குறிலுக்குத்தான் மேலே புள்ளி. புள்ளியே வைக்காவிட்டால் எதைக் கொண்டு பிரிப்பது? நெடிலுக்குத் தனி உருவம் கொடுத்து இந்தக் குழப்பத்தைத் தீர்த்து வைத்தவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர். காலும் ரகரமும்கூட ஏட்டில் ஒரே மாதிரி இருக்கும். இந்த லட்சணத்தில் உ.வே.சா. சீவக சிந்தாமணியைப் பதிப்பித்து 1887-இல் அச்சில் கொண்டுவந்தார் என்றால், அவர் வைத்த ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை இரவு விளக்கெரிந்திருக்கும்! எனக்கு ஒரு பொத்தான் போனதற்கே பாதி நாள் போயிற்று.

தட்டச்சுப்பொறிக் காலத்திலும் புள்ளி தனிப் பிறவிதான். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையாதான் தமிழ்த் தட்டச்சுப்பொறியின் தந்தை. எழுத்தின் தலையில் புள்ளியும் விசிறியும் ஏற வேண்டுமே, அதற்கு அவர் கண்ட வழி நகரா விசை. புள்ளியைத் தட்டினால் உருளை நகராது. அடுத்துத் தட்டும் எழுத்து அதன் கீழேயே வந்து உட்காரும். ஆக, முதலில் புள்ளி, பிறகு எழுத்து. நான் தகரக் கொட்டகை இன்ஸ்டிட்யூட்டில் ‘யளனகபக’ அடித்து ஹையர் பாஸ் பண்ணியது அந்த வரிசையில்தான். கணினிக்கு வந்ததும் முதலில் எழுத்து, பிறகு புள்ளி என்று தலைகீழாகிவிட்டது. மாறிக்கொள்ள எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. இன்னொன்று: கணினிக்குப் புள்ளியும் ஒரு முழு எழுத்து. தமிழ் என்பது நமக்கு மூன்றெழுத்து, அதற்கு ஐந்து. சந்தேகமிருந்தால் சொல்லின் முடிவில் நின்று அழிப்பானை ஒரே ஒருமுறை தட்டுங்கள். புள்ளி மட்டும் போய் ழகரம் நிற்கும்.

சரி, மடிக்கணினிக்கு வருகிறேன். வாசகர்கள் கடிதத்தில் கேட்பதெல்லாம் ஒரே கேள்வி: ஐ-ஃபைவா, ஐ-செவனா? எழுதுவதற்குத்தான் என்றால் எதுவானாலும் ஆகட்டும். எட்டு ஜிபி நினைவகம் இருந்தால் வண்டி ஓடும், பதினாறு இருந்தால் யோசிக்காமல் ஓடும். வட்டு எஸ்எஸ்டியாக இருக்க வேண்டும். பழையது வாங்குவதானால் உள்ளே இருப்பது இன்டெல் எட்டாம் தலைமுறையா, அதற்குப் பிந்தையதா என்று கேளுங்கள். அதற்கு முந்தையவற்றை ஏறக்குறைய எல்லாவற்றையும் விண்டோஸ் 11 சேர்த்துக்கொள்வதில்லை; விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. இவ்வளவுதான் அதைப் பற்றி.

பார்க்க வேண்டியது விசைப்பலகையை. அதிலும் தமிழில் எழுதுகிறவர்கள் வலது ஓரத்தைப் பார்க்க வேண்டும். இதை எந்த விமர்சகரும் சொல்லி நான் படித்ததில்லை. சின்ன அளவு மடிக்கணினிகளில் இடம் போதாமல் வலது ஓரத்துப் பொத்தான்களைப் பாதியாக நறுக்கிவிடுகிறார்கள். பகர அடைப்பு, மேற்கோள் குறி, சாய்கோடு எல்லாம் ஆங்கிலத்தில் எப்போதாவது வருபவை, அதனால் யாரும் முணுமுணுப்பதில்லை. தமிழ் 99-இல் அந்த ஓரத்தில்தான் ச, ஞ, ந, ய, ழ குடியிருக்கின்றன. சகரத்தை ஒல்லிப் பொத்தானில் வைத்துக்கொண்டு ஒரு நாவல் எழுதிப் பாருங்கள், தெரியும். பதினைந்தரை அங்குலப் பெட்டியில் வேறு வம்பு. வலப்பக்கம் எண்பலகையைச் செருகியிருப்பார்கள். எழுத்துகள் இடது பக்கம் ஒதுங்கிவிடும், திரை மட்டும் நடுவில் இருக்கும். நாள் முழுக்க உடம்பை ஒருக்களித்துக்கொண்டு எழுத வேண்டும். கணக்குப்பிள்ளைகளுக்கு அது சௌகரியம், நமக்குக் கழுத்து வலி.

இன்னொன்று, பொத்தான் செத்தால் மாற்ற முடியுமா என்பது. பெயர் பெற்ற ஒரு சர்வீஸ் சென்டருக்கு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். எண் வாங்கி முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகு பையன் திருப்பிப் பார்த்தான். “ஒரு கீ மட்டும் போட முடியாது சார். கீபோர்டு சி பேனலோட வரும்.” சி பேனல் என்றால் உள்ளங்கை வைக்கும் மேல்தட்டு முழுவதும். விசைப்பலகையை அதோடு பிளாஸ்டிக் ஆணியடித்து உருக்கி ஒட்டியிருக்கிறார்கள். அவன் சொன்ன தொகைக்கு நல்ல மேசை ஒன்று வாங்கலாம். ஒரு புள்ளிக்கு மேசையா என்று எழுந்து வந்துவிட்டேன்.

பெரிய நிறுவனங்களே பொத்தானில் சறுக்கியதுண்டு. ஆப்பிள் 2015-இல் பட்டாம்பூச்சி விசை என்று ஒல்லியாக ஒன்று கொண்டுவந்தது. தூசி போனாலே பொத்தான் அடம்பிடிக்கிறது என்று அமெரிக்காவில் வழக்காகி, 2022-இல் ஐந்து கோடி டாலருக்குச் சமரசம் ஆயிற்று. அதற்குள் அவர்களே பழைய கத்தரி விசைக்குத் திரும்பிவிட்டார்கள். இன்னொரு பக்கம், 1992-இல் ஐபிஎம் தொடங்கி 2005-இல் லெனோவோ கைக்குப் போன திங்க்பேட் வகையில் பல மாடல்களுக்கு விசைப்பலகை தனியாகக் கழன்று வரும். எப்படிக் கழற்றுவது என்று நிறுவனமே கையேடு போட்டிருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் அதைக் கட்டிக்கொண்டு அழுவதற்குக் காரணம் உண்டு.

புதன்கிழமை அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். மவுண்ட் ரோடிலிருந்து உள்ளே திரும்பியதும் ஒயர்ச் சுருள், சார்ஜர் மூட்டை, சமோசா எண்ணெய் வாசனை. பழைய மடிக்கணினி விற்கும் மாடிக்கடை ஒன்றில் ஏழெட்டை வரிசையாகத் திறந்து வைத்தார்கள். கடைக்காரர் எஸ்எஸ்டி வேகத்தைச் சொல்லிக்கொண்டே போனார். நான் காலிப் பக்கத்தைத் திறந்து, தமிழ்ப் பலகை இல்லாததால் விரல் போன போக்கில் கண்ணன் என்று தட்டினேன். எச், பி, பி, ஐ, எஃப் என்று விழுந்தது. அடுத்த பெட்டி. மறுபடி கண்ணன். அதற்கடுத்தது.

“சார், அந்த ஒரு பட்டனையே எதுக்குக் குத்திக்கிட்டு இருக்கீங்க?”

“அதுலதான் எனக்குப் பொழப்பு.”

“மாமா தமிழ்ல எழுதறவர்ணே,” என்றான் இவன், ஏதோ வியாதியைச் சொல்வதுபோல.

நடுவில் அழுத்தினால் சில பலகைகள் பள்ளம் விழுந்தன. சிலவற்றில் பொத்தானின் மூலையில் விரல் பட்டால் எழுத்து வரவில்லை. ஐந்தாவது பெட்டி, கறுப்பு, ஓரத்தில் யாரோ ஒட்டிக் கிழித்த ஸ்டிக்கரின் கறை. எஃப் ஆழமாக இறங்கித் தெளிவாக ஏறியது. மேடு புத்தம் புதுசாகக் குறுகுறுத்தது. வலது ஓரம் முழு அளவு. விசைப்பலகை தனியாகக் கிடைக்குமா என்றேன். “எப்ப வேணா வாங்க சார், டப்பாலேயே இருக்கு,” என்று மேசைக்கடியிலிருந்து ஒன்றை உருவிக் காட்டினார். பணத்தை எடுக்கப் போனேன்.

“இருங்க மாமா, தமிழ் போட்டுப் பார்த்துடலாம்,” என்றான் மருமகன். விண்டோஸிலேயே தமிழ் 99 இருக்கிறது, சேர்த்துக்கொண்டால் போதும். சேர்த்தான். பழைய வாக்கியத்தையே தட்டினேன். ஐந்து முறை எஃப், ஐந்தும் வெண்ணெய் மாதிரி இறங்கின.

திரையைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். கண்ணனின் தலைமேல் மங்கலாக ஏதோ இருந்தது. புத்தகத்தின் மேல் இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. 1366-க்கு 768 என்றான் பையன், கீழே குனிந்து. எழுத்தைப் பெரிதாக்கினால் தெரிந்தது. எழுதும் அளவுக்குக் கொண்டுவந்தால் எட்டுப் புள்ளியில் எனக்கு மூன்றுதான் கிடைத்தது.

கடைக்காரர் விளக்கை அணைத்துப் பார்க்கச் சொன்னார்.

(தட்டுவோம்)